மண்ணெண்ணெயில் நின்றது

கயிற்றை இன்னொரு தரம் இழுத்தால் தோள்பட்டை கழன்று கயிற்றோடு வந்துவிடும் என்று தெரிந்தும் ஞானதிரவியம் இன்னொரு தரம் இழுத்தார். ஜெனரேட்டர் எஞ்சினுக்குள் ஏதோ புரண்டு படுத்தது, அவ்வளவுதான், ஒரு தும்மல்கூட இல்லை. பெட்ரோல் இருக்கிறது. பாட்டிலில் ஊற்ற மாட்டேன் என்ற பங்க்காரனிடம் வெகுநேரம் சட்டம் பேசி, கடைசியில் அவன் சட்டத்துக்கு மசியாமல் நரைத்த மீசைக்கு இரங்கி ஊற்றிக்கொடுத்த பெட்ரோல். சோக் இழுத்திருக்கிறது. லீவர் பெட்ரோல் பக்கம் இருக்கிறது; காலையில் சாக்கை உருவியபோது அது மண்ணெண்ணெய்ப் பக்கம் கிடந்தது, ஷெட்டிலிருந்து இழுத்துவந்ததில் தட்டியிருக்கும் என்று அவரே திருப்பி வைத்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, ஓட்டம் மட்டும் இல்லை. புறவாசல் முருங்கையின் நிழல் காலையில் சுவர்வரைக்கும் கிடந்தது, இப்போது சுருண்டு மரத்தின் காலடிக்கே வந்துவிட்டது. நாலு மணிக்குள் ஓட வேண்டும். ஓடாவிட்டால் சாலமோனின் மைக் செட் ஜெனரேட்டரோடு வரும். சாலமோனின் செட் வந்தால், தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கப்போகிற ஒரு கூட்டத்துக்கு ஞானதிரவியம் போய் நிற்பதற்கு எந்தக் காரணமும் இருக்காது. வேடிக்கை பார்க்கிற கிழவனாகப் போகலாம். கிழவன் என்ற சொல்லை மனம் சொன்னதும் கயிற்றை மறுபடி இழுத்தார். தோள்பட்டை கழலவில்லை. எஞ்சினும் ஓடவில்லை.

நேற்று அந்தப் பெண் வந்தபோது, பேசக் கூப்பிட வந்திருக்கிறாள் என்று சட்டையை மாட்டிக்கொண்டல்லவா வாசலுக்குப் போனார், அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. எப்சிபா என்று பெயர். தெற்கு அளங்களில் உப்பு வாருகிறவள், பெண்களே சேர்ந்து புதிதாகத் தொடங்கியிருக்கிற சங்கத்துக்குச் செயலாளர். அளத்துச் சாலை முக்கில் நாளைச் சாயங்காலம் கூட்டம், நிழல் கொட்டகையும் குடிதண்ணீரும் கேட்டு, என்று அவள் தொடங்கியதுமே அவருக்குள் முதல் வாக்கியம் எழுந்து நின்றுவிட்டது. கொட்டகையும் தண்ணீரும்! அவர் முதன்முதல் மேடை ஏறியபோது கேட்டதும் அதுதான். அன்றைக்குக் கைக்குழந்தைகளாக அளத்து வரப்பில் தொட்டில் கட்டிக் கிடந்தவர்கள் இன்றைக்கு அதையே கேட்கிறார்கள். இதை எங்கிருந்து தொடங்குவது, கோபத்திலிருந்தா சிரிப்பிலிருந்தா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள் செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, உங்ககிட்ட ஒரு ஜெனரேட்டர் கெடக்காமே?" என்றாள். அவரிடம் என்னவெல்லாமோ கிடக்கிறது. பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் துண்டறிக்கை கிடக்கிறது, ஒவ்வொன்றும் அவர் சொல்லச் சொல்ல அச்சுக் கோத்தது. லாக்கப்பில் மடக்கிய இடது சுண்டுவிரல் இன்றுவரை நிமிராமல் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன், துண்டுப் பிரசுரங்களையே பாடப்புத்தகமாக எழுத்துக்கூட்டிப் படித்து, உபரி மதிப்பு என்றால் என்னவென்று உப்புக் குவியலைக் காட்டி விளக்கிய மூளை ஒன்று கிடக்கிறது. அந்தப் பெண் ஜெனரேட்டரைக் கேட்டாள். அதோடு விட்டாளா, ஓடாவிட்டால் பரவாயில்லை, நீங்கள் சிரமப்பட வேண்டாம், நாலு மணிக்குள் சொன்னால் சாலமோன் அண்ணன் செட்டை வரவழைத்துவிடுவோம் என்று ஆறுதல் வேறு. சிரமப்பட வேண்டாமாம். இரவு முழுக்க அந்த ஒரு சொல் மூட்டைப்பூச்சி மாதிரி முதுகுக்கடியில் ஊர்ந்தது. சாலமோன் யார்? இவர் மேடையில் கோஷத்துக்கு முதல் குரல் கொடுத்தவன். இன்றைக்குச் சடங்கு வீடு, கல்யாண வீடு, எல்லாக் கட்சி மேடை என்று போய் மைக் செட் கட்டி ஒன், டூ, த்ரீ சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆள் அதே ஆள்தான், குரலும் அதே குரல்தான், எண்ணிக்கைதான் மூன்றைத் தாண்டவில்லை.

பிளக்கைக் கழற்றினார். உப்புத்தாளைக் கிழித்து முனையைத் தேய்த்தார். கடற்காற்று இரும்பை இரும்பாக விட்டுவைக்காத ஊர் இது. கெடுத்ததும் உப்பு, தேய்க்கிற தாளுக்குப் பெயரும் உப்பு. பிளக்கை எஞ்சின் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றைச் சுண்டியபோது நீலமாக ஒரு பொறி தாவியது. பொறி இருக்கிறது. பொறி இருக்கிறது ஆனால், என்று மனம் ஒரு மேடை உவமையை எடுத்து நீட்டியது; அதட்டி உட்காரவைத்தார். உவமையால் ஓடிய எஞ்சின் எதுவுமில்லை. பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, காற்றும் இழுக்கிறது, உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் உறிஞ்சுகிறது. பிறகு என்னதான் வேண்டும் இதற்கு? இதை வாங்கியபோதே பழையது. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிற ஒருவர் தொழிலை விடும்போது விற்றது. அப்போதெல்லாம் இவர் கூட்டம் போட்டால், மைக்குக்குக் கரண்ட் கொடுத்த வீட்டுக்காரருக்கு மறுநாள் அளத்து முதலாளியிடமிருந்து ஆள் வரும். அடுத்த கூட்டத்துக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். துணிந்து யாராவது கொடுத்தால் இவர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்துத் தெருவே இருண்டுபோகும். அந்த இருட்டுக்குள் நின்று ஒருநாள் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து படுத்தவரிடம் மனைவி செல்வக்கனிதான் சொன்னாள், கோயிலுக்குப் பிடி அரிசி எடுக்கிறோமே, அதே மாதிரி இதற்கும் எடுத்தால் என்ன என்று. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியாகக் கலயத்தில் போட்டுவைப்பது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவது, அது சபை வழக்கம். கடவுள் இல்லையென்று பிரசுரம் போட்டவர் கடவுளின் வழக்கத்தைக் கடன் வாங்குவதா என்று அவருக்கு இரண்டு நாள் யோசனை. அவள் யோசிக்கவில்லை. இரண்டாவது கலயம் ஒன்று வைத்தாள். தெருத்தெருவாக அளத்துப் பெண்களின் அடுப்படியில் இரண்டாவது கலயம் வந்துவிட்டது. அந்த அரிசியை விற்று வாங்கிய மிஷின் இது. இது ஓடாது என்று சாலமோனிடம் சொல்ல வேண்டுமா? பிளக்கைத் திருப்பி முடுக்கினார், விரல் வழுக்கி ஸ்பேனர் மூட்டில் அடித்தது. நிமிராத சுண்டுவிரல். ஏற்கெனவே அரசாங்கம் அடித்த இடம், என்று சொல்லிக்கொண்டு ஊதினார். அந்த நகைச்சுவையைக் கேட்க யாருமில்லை.

யாருமில்லை என்று சொல்ல முடியாது. துவைகல்லில் செல்வக்கனி உட்கார்ந்து சாளைமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மதில்மேல் ஒரு பூனையும், மீன் தலை விழும் என்று, உட்கார்ந்திருந்தது. அவர் தொடங்கியதிலிருந்து அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே எல்லாம் பார்க்கிறவள். இந்த எஞ்சினை ஓட்டியதெல்லாம் அவள்தான். மற்றவர்கள் தொட்டால் அது மதிக்காது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் லீவரை மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும், பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாது. நிறுத்துவதற்குக் கொஞ்ச நேரம் முன்னாலேயே திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றி, உள்ளே இருக்கிற மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தபிறகுதான் அணைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை உயிரை வாங்கும். இதெல்லாம் அவளுடைய துறை. மைக்கில் எஞ்சின் சத்தம் ஏறக் கூடாது என்பதற்காக மேடையிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, ஏதாவதொரு மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய் எஞ்சினை வைத்து, பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் முந்தானையைத் தலையோடு காதோடு போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். முப்பது வருஷ மேடையில் அவர் பேசும்போது அவள் முகத்தை ஒருதரம்கூடக் கூட்டத்தில் பார்த்ததில்லை. அதுகூடப் பரவாயில்லை. கூட்டம் முடிந்து, மிஷினை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, பின்னால் தள்ளிக்கொண்டு வருகிற வழியில், உடம்பெல்லாம் இன்னும் கைதட்டல் ஓடிக்கொண்டிருக்க, ஒன்றும் எதிர்பார்க்காதவர்போல, இன்றைக்கு எப்படி என்று கேட்பார். அவள் சொல்வாள், மிஷின் நல்லா ஓடுச்சு. எத்தனை கூட்டம், எத்தனை ஊர், அணிஅணியாகப் பெண்கள் அழுத கூட்டம் உண்டு, முதலாளியின் மகனே ஒளிந்து நின்று கேட்ட கூட்டம் உண்டு, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். மிஷின் நல்லா ஓடுச்சு. ஒருமுறை கோபம் வந்து, நான் பேசினதைக் கேட்டியா இல்லையா என்றே கேட்டுவிட்டார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு என்னத்தக் கேக்க, என்றாள். அன்றோடு கேட்பதை விட்டார். விட்டாரா? வாயால் கேட்பதை விட்டார்.

காந்தச் சக்கரத்தில் ஈரம் இறங்கியிருக்குமோ? பொறி வருகிறதே, ஈரமென்றால் பொறி எப்படி வரும். வால்வு ஒட்டிக்கொண்டிருக்குமோ? உறிஞ்சுகிறதே. கார்பரேட்டர்? கார்பரேட்டரில் ஒன்றும் இருக்காது. பெட்ரோலுக்கு மாற்றாமல் அவள் ஒருநாளும் நிறுத்தியதில்லை, அந்த விஷயத்தில் அவள் கோயில் மணி மாதிரி. ஆகவே கார்பரேட்டர் இல்லை. பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றியாயிற்று. மறுபடி பிளக்குக்கே வந்து நின்றார். மனதுக்கும் இப்படியொரு வழக்கம் இருக்கிறது, சுற்றிச்சுற்றி ஓரிடத்துக்கு வரும், அங்கே ஒரு கதவு இருக்கும், கதவைத் தொட்டதும் கையைச் சுட்டதுபோலத் திரும்பிவிடும். கடைசியாக இது ஓடியது எப்போது? மூன்று மழைக்காலம் இருக்கும். தருவைக்குளம் சாலையில், டீக்கடை முக்கில் போட்ட கூட்டம். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னார். தொண்டை கட்டிக்கொண்டதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. டாக்டர்கூட, பேச்சைக் குறையுங்கள் என்றார். டாக்டர் சொன்னது அதற்கு முந்தின வருஷம். பிளக்கை இன்னொரு தரம் கழற்றலாமா?

தொண்டை ஒன்றும் கட்டவில்லை. கழற்றிய பிளக்கைக் கையில் உருட்டிக்கொண்டு, வெயில் பிடரியில் அடிக்க, ஞானதிரவியம் அந்தக் கதவைத் திறந்தேவிட்டார், திறக்காமல் இனி எங்கே போவது. அன்றைக்குக் கூட்டம் குறைவு, அது புதிதல்ல. மழை வேறு மூட்டம் போட்டிருந்தது. பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன் என்று ஒருதரம் சொல்லியாயிற்று. அவர் பேச்சில் குறைந்தது நாலு கடைசி உண்டு, அதைக் கேட்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எப்போதும்போல டீக்கடையின் ஓலைத் தட்டிப் பக்கம் திரும்பினார். அங்கேதான் நிற்பார்கள். எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் ஒரு தட்டி இருக்கும், தட்டிக்குப் பக்கத்தில் லத்தியோடு இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் சாதா உடையில் ஓர் ஏட்டு, குறிப்பெடுக்க. அந்த ஏட்டுக்காக அவர் முக்கியமான வாக்கியங்களை நிறுத்திநிறுத்திச் சொல்வார். எழுதட்டும். தமிழ்நாட்டில் தன் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பதில் அவருக்குக் கோபம் இருந்தது, பெருமையும் இருந்தது. பேச்சின் பின்பகுதியில் அவர்கள் பக்கம் திரும்பி, காவல்துறை நண்பர்களே என்று கூப்பிடுவார். உங்களுக்கும் கால் கடுக்கும், உங்களுக்கும் நிழல் கொட்டகை கிடையாது, உங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம் என்பார். கூட்டம் சிரிக்கும், லத்திக்காரர்களில் ஒருவராவது சிரிப்பை மீசைக்குள் அடக்குவார், அந்தச் சிரிப்பிலிருந்து குரலை மெல்ல இறக்கி, பெண்களைப் பார்த்துப் பேசி, நாளைக்கும் உப்பு விளையும், நாளைக்கும் வருவோம் என்று முடிப்பார். அன்றைக்குத் திரும்பினார். தட்டி இருந்தது. தட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு சைக்கிள்கூட இல்லை. ஞானதிரவியம் பேசுகிறார், பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். தடை போட்டிருந்தால் உடைத்திருப்பார், அடித்திருந்தால் தாங்கியிருப்பார், ஆளே அனுப்பாததற்கு என்ன செய்வது? நாக்கு அந்த வாக்கியத்தின் வாசலில் நின்றது. கூப்பிட ஆளில்லை. மைக்கை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். ஒயர் போன வழியே நடந்தார், மதிலைச் சுற்றிக்கொண்டு போனார், வாளிமேல் இருந்தவள் எழுந்திருப்பதற்குள்

கை நின்றுவிட்டது. எழுந்திருப்பதற்குள் என்ன செய்தார்? இருட்டியது ஞாபகம் இருக்கிறது. மேடை விளக்கு, டீக்கடை முக்கு, எல்லாம் ஒரே நொடியில் இருண்டது. யார் அணைத்தது?

"கார்பரேட்டரக் கழத்திப் பாத்தீயளா?" என்றாள் செல்வக்கனி, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தேவையில்லை என்றார். பெட்ரோலில்தானே நிறுத்தியிருப்பாய் என்று அவளுக்கே அவளுடைய பெருமையை எடுத்துச் சொன்னார்.

"அன்னைக்கு மண்ணெண்ணெயிலதான் நின்னுச்சு. நிறுத்துனது நீங்க."

"நீ முன்னாடியே திருப்பியிருக்கணும்லா?"

"எப்படித் திருப்ப?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்கதான் அவுகளக் கூப்பிடவே இல்லியே."

பூனை மதிலைவிட்டு ஓரடி கீழே இறங்கியது. அவள் செதில் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டே, ஊறுகாய் போடுகிற பக்குவம் சொல்வதுபோல, ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மேடை தெரியாது, ஒலிபெருக்கிக் குழாயில் வருகிற குரல் மட்டும்தான். கடைசியாகக் கடைசியாக என்று அவர் சொல்வதை நம்பி லீவரைத் திருப்பினால் பெட்ரோல் பாதிப் பேச்சிலேயே தீர்ந்துவிடும். முதல் இரண்டு மூன்று கூட்டத்தில் ஏமாந்து தெரிந்துகொண்டாள். போலீஸ்காரர்களைக் கூப்பிட்டால்தான் நிஜமாகவே முடியப்போகிறது என்று அர்த்தம். அங்கே திருப்பினால், கால் கடுப்பதில் தொடங்கி, பெண்களிடம் வந்து, நாளைக்கும் வருவோம் என்கிறபோது மண்ணெண்ணெய் சரியாக எரிந்து தீர்ந்திருக்கும். சாயர்புரத்தில் மட்டும் ஒருதரம் பெண்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டார், அன்றைக்குப் பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று அவள் டேங்கைத் தட்டித்தட்டிப் பார்த்தாள். ஏரல் கூட்டத்தில், நிழலில்லாமல் அளத்திலேயே சுருண்டு விழுந்து ஆஷர் தாத்தா செத்த சேதியை நடுவில் சேர்த்தார், அது நன்றாயிருந்தது, ஆனால் அதற்கப்புறம் ஏன் அதைச் சொல்வதை விட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கடைசிக் கூட்டத்தில் தட்டிக்குப் பக்கத்தில் ஆளில்லை என்பது அவளுக்கு முதலிலேயே தெரியும். கூட்டம் தொடங்குமுன் அவர்களுக்கு ஒரு தூக்கில் டீ கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பழக்கம், பகைவனுக்கு டீயா என்று இவர் எத்தனையோ தரம் கண்டித்தும் விடவில்லை, நிற்கிறார்களே பாவம் என்பாள். அன்றைக்குத் தூக்கு அப்படியே திரும்பி வந்தது. வந்ததைச் சுடவைத்து இராத்திரி உங்களுக்குத்தான் தந்தேன், நீங்களும் குடித்தீர்கள், என்றாள்.

அப்படியென்றால் கேட்டிருக்கிறாள். ஞானதிரவியம் துவைகல்லையும் எஞ்சினையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு முந்தானையைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு வாக்கியமாக. முந்தானை, சத்தத்தைத் தடுக்க அல்ல. எஞ்சின் சத்தத்தைத் தள்ளிவிட்டுக் குழாய்க் குரலைப் பிடிக்க. மிஷின் நல்லா ஓடுச்சு என்றால் என்ன? மிஷின் பேச்சோடு சேர்ந்து ஓடி, பேச்சோடு சேர்ந்து நின்றது என்றால் என்ன? எத்தனை வருஷமாக அவர் கேட்டதற்கெல்லாம் பதில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஏட்டின் குறிப்பேட்டை எந்தக் காவல் நிலையத்துப் பரணில் கரையான் தின்கிறதோ. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்க கெடக்கு?" என்றார்.

அவள் எழுந்துவந்து எடுத்துக் கொடுத்தாள். கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றியதும் வந்தது மூன்று மழைக்காலத்து வாடை. தேன்போலக் கெட்டியாக, மஞ்சளாக, அடியில் அரக்குப் பிடித்த மண்ணெண்ணெய். அவ்வளவு பெட்ரோலையும் புதிதாக ஊற்றி என்ன, வாசலிலேயே இது படுத்துக்கிடந்திருக்கிறது. அவள் மிதவையைப் பிடித்துக்கொள்ள, அவர் மைக் ஒயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியைப் பிரித்து எண்ணெய்த் துவாரத்தில் விட்டுக் குடைந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, துவாரம் இரண்டாகத் தெரிந்தது. அவள் அதை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்து ஊதினாள். பிறகு அவரிடம் தந்து, பார்க்கச் சொன்னாள். குண்டூசி முனையளவு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை அவர் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மீன் வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து அவள் மூச்சு வந்துகொண்டிருந்தது. இந்த மூச்சுக்குப் பயந்துதான் ராத்திரிகளில் விழித்துக்கொள்கிறார், போன மாசி மாதம் அவளுக்குச் சளி கட்டி இழுத்ததிலிருந்து. எழுந்து உட்கார்ந்து, அது வருகிறதா என்று கேட்டுவிட்டுப் படுக்கிறார். அவளுக்கு இது தெரியுமோ? தெரியாமலா இருக்கும். அந்தச் சத்தத்திலேயே கேட்டவள்.

எல்லாவற்றையும் பொருத்தி முடுக்கியபின் கயிற்றை அவர் பிடிக்கப் போனார். அவள் தள்ளிவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு காலை எஞ்சினின் சட்டத்தில் ஊன்றி, இழுக்காமல் முதலில் மெதுவாக விட்டுப் பார்த்து, தடுக்கிற இடம் வந்ததும் சுண்டினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் சுண்டினாள். எஞ்சின் ஒரு தும்மல் தும்மியது, வெள்ளையாகப் புகை கக்கியது, பூனை மதிலுக்கு அப்பால் குதித்தது, நின்றுவிடுமோ என்று அவர் மூச்சைப் பிடித்த நேரத்தில் அது தடதடவென்று பிடித்துக்கொண்டது. முருங்கை இலை உதிர்ந்தது. அடுத்த வீட்டில் யாரோ சன்னலைச் சாத்தினார்கள். அவர் சிரித்தார், பல் இல்லாத இடமெல்லாம் தெரிய. சூடானதும் அவள் லீவரை மண்ணெண்ணெய்க்குத் திருப்பினாள், சத்தம் கொஞ்சம் கனத்து, சீராக ஓடியது. நாலு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. எப்சிபாவுக்குச் சொல்லியனுப்பலாம். மிஷின் வருகிறது, நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

"நீங்கதான் கடைசில பேசுறீய," என்று அவள் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

யார் சொன்னது என்று அவரும் கத்தினார். அவள்தான் சொல்லியிருக்கிறாள், நேற்று அந்தப் பெண் போகும்போது வாசலில் நிறுத்தி. மிஷின் வரும், ஆனால் அவர் பேசி முடித்தால்தான் எனக்கு நிறுத்தத் தெரியும், வேறு யார் பேச்சுக்கும் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று. எப்சிபா சிரித்துவிட்டு, அப்ப தாத்தாவே முடிக்கட்டும் ஆச்சி என்றாளாம். தாத்தா என்ற சொல்லுக்கு அவர் முகம் சுளித்தார். வாழ்நாளெல்லாம் சிபாரிசை எதிர்த்துப் பேசியவன், பெண்டாட்டி சிபாரிசில் மேடை ஏறுவதா? இதற்கு ஒரு கோபம் வரவேண்டும், வழக்கமாக வந்துவிடும், இன்றைக்கு அந்தத் தடதட சத்தத்தில் எங்கேயோ வழி தவறிப்போயிற்று. பேசுவதென்றால் பேசலாம். ஆனால் அளத்துச் சாலை முக்கில் ஒரு தட்டி இருக்கும். இன்றைக்கும் அங்கே ஆள் இருக்காது. நாக்கு மறுபடியும் அந்த வாசலில் போய் நின்றால்? அந்தப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க? போதும், மிஷின் ஓடிவிட்டது, மிஷினை மட்டும் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டே ஸ்விட்ச்சை அணைக்கக் கை நீட்டினார்.

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியே நிறுத்துனா திரும்பவும் இதே கதைதான். கூப்பிடுங்க."

"யார?"

"அவுகளத்தான். வந்தாலும் வராட்டாலும் கூப்பிடுங்க, தலைவரே. நான் திருப்பணும்லா."

அவர் சுற்றிலும் பார்த்தார். துவைகல், சாளைமீன் சட்டி, கொடியில் அவருடைய வேட்டி. மதிலுக்கு அப்பாலிருந்து பூனை திரும்ப ஏறிவந்து பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. தொண்டையைக் கனைத்தார். ஸ்பேனரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார், வலது கை தானாக உயர்ந்தது. "காவல்துறை நண்பர்களே," என்றார், முதலில் எஞ்சினுக்குக் கீழே மூழ்கிவிட்ட குரலில், பிறகு இன்னொரு தரம், மதிலைத் தாண்டும் குரலில். லீவர் திரும்பிய சத்தம் கேட்டது. எஞ்சின் ஒருமுறை இடறி, லேசான குரலுக்கு வந்தது. பேசுங்க, இன்னும் எண்ணெய் தீரல, என்று அவள் கையை ஆட்டினாள். உங்களுக்கும் கால் கடுக்கும், என்று அவர் பூனையிடம் சொன்னார். இன்றைக்கு நீங்கள் வரவில்லை, வராவிட்டாலும் கடுக்கும், எங்கே நின்றுகொண்டிருக்கிறீர்களோ அங்கேயும் நிழல் கிடையாது, உங்களுக்கும் சேர்த்துத்தான். இது புதிதாயிருந்தது. இது பரவாயில்லையே என்று தோன்றியது. ஏரலில் சொன்ன ஆஷர் தாத்தாவையும் இங்கேயே சேர்த்துவிடலாம், சேர்த்தார். அங்கிருந்து பெண்களிடம் வந்தார், அளத்து வரப்பில் தொட்டில் கட்டிய பெண்களிடமும், அந்தத் தொட்டிலில் கிடந்து இப்போது சங்கம் வைத்திருக்கிறவர்களிடமும், அடுப்படியில் இரண்டாவது கலயம் வைத்தவளிடமும். அவள் குனிந்து, முந்தானையால் காதைப் போர்த்திக்கொண்டு, ஒரு விரலை ஸ்விட்ச்மேல் வைத்துக் காத்திருந்தாள். முடிக்க அவருக்கு மனமில்லை.

"கடைசியாக," என்றார்.

அவள் விரல் அசையவில்லை.